கேட்கத் தெரிந்த கர்னல்

எமிலி டிக்கின்சனின் வாழ்க்கைக் கதையைப் படித்தவர்கள் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற பெயரைக் கட்டாயம் கடந்து வந்திருப்பார்கள். தன் கவிதைகளுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டு 1862 ஏப்ரலில் எமிலி கடிதம் எழுதியது அவருக்குத்தான். இப்போதைக்கு வெளியிட அவசரம் வேண்டாம் என்று யோசனை சொன்னவர் அவர். கவிஞர் இறந்த பிறகு, 1890இல், மேபல் லூமிஸ் டாடுடன் சேர்ந்து முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இயைபு தட்டிய இடங்களைச் செப்பனிட்டு, தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பு சூட்டியவரும் அவரே. கண்முன் வந்து நின்ற மேதையை அளக்கத் தெரியாத பத்திரிகை எழுத்தாளர் என்று ஒரே வரியில் இலக்கிய வரலாறு அவரை முடித்துவிட்டது. அந்தக் கடிதம் வந்து ஏழு மாதத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது அந்த வரியில் இல்லை. 1862 நவம்பரில், தென் கரோலினாவின் கடலோரத் தீவு ஒன்றில், அதுவரை அடிமைகளாக இருந்த மனிதர்களைக் கொண்ட படைப்பிரிவுக்கு அவர் கர்னலாகப் பொறுப்பேற்றார். தென் கரோலினா முதலாம் தன்னார்வப் படைப்பிரிவு என்பது அதன் பெயர். அந்தப் பொறுப்பில் அவர் முழுதாக இரண்டு ஆண்டுகூட இருக்கவில்லை. ஆனால் 1911இல் இறக்கும்வரை ஊர் அவரைக் கர்னல் என்றே அழைத்தது. அவருடைய வாழ்க்கையில் நின்றது எது, நிற்காதது எது என்று பிரித்துப் பார்க்கவும் அந்தக் குறுகிய காலமே சரியான இடம். மனிதர்களைப் பற்றி ஹிக்கின்சன் எடுத்த முடிவுகள் பல தவறானவை. அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு அவர் எழுதிவைத்தவை தவறவில்லை. படையில் இருந்தவரை கேட்டவை அவரை வழிநடத்தின. படையைவிட்டு வந்தபின் முடிவுகள் வழிநடத்தின. அவருடைய பெருமை, சறுக்கல் இரண்டுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 1823இல் பிறந்தவர். 13 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். பிறகு அங்கேயே இறையியல் படித்து 1847இல் நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊரில் போதகரானார். கப்பல் முதலாளிகளும் பருத்தி வணிகத்தோடு தொடர்புள்ளவர்களும் உட்கார்ந்திருந்த சபையில் அடிமைமுறைக்கு எதிராகப் பேசியதால் இரண்டே ஆண்டில் வெளியேற வேண்டியிருந்தது. அடுத்து வூஸ்டரில் ஒரு சுதந்திர சபை. 1850இல் வந்த சட்டம் தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்களிலிருந்தும் பிடித்து உடையவனிடம் ஒப்படைக்கச் சொன்னது. 1854 மே மாதம் ஆன்டனி பர்ன்ஸ் என்பவரை அப்படிப் பிடித்துப் பாஸ்டன் நீதிமன்றத்தில் அடைத்துவைத்தார்கள். பெரிய மரக்கட்டையைத் தூக்கிவந்து அந்தக் கட்டடத்தின் கதவை உடைத்தவர்களில் ஹிக்கின்சன் ஒருவர். உள்ளே நடந்த கைகலப்பில் காவலர் ஒருவர் இறந்தார். போதகருக்கு மோவாயில் வெட்டுக்காயம். பர்ன்ஸை மீட்க முடியவில்லை. பின்னர் ஜான் பிரவுனின் ஆயுதப் புரட்சிக்கு மறைவில் பணம் திரட்டிக் கொடுத்த ஆறு பேரில் அவரும் ஒருவர். 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தாக்குதல் தோற்றபோது மற்றவர்களில் சிலர் கனடாவுக்கு ஓடினார்கள், சிலர் தொடர்பை மறுத்தார்கள். ஹிக்கின்சன் ஊரைவிட்டு நகரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இதே ஆண்டுகளில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் இயற்கை, உடற்பயிற்சி, பெண்கல்வி என்று எழுதிக்கொண்டிருந்தவர், டென்மார்க் வீசி, நாட் டர்னர் ஆகியோர் நடத்திய அடிமைக் கிளர்ச்சிகளின் வரலாற்றையும் அதே இதழில் எழுதினார். அடிமைகள் போராடுவார்களா என்று வடக்கே எல்லோரும் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் ஏற்கெனவே போராடியிருக்கிறார்கள் என்பதற்கான ஆதாரங்களைத் தேடித் தொகுத்தவர் அவர்.

படைப்பிரிவு பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 நவம்பரில், வடக்கின் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயலைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்; சுமார் பத்தாயிரம் அடிமைகள் அந்தத் தீவுகளில் நின்றார்கள். 1862 மே மாதம் ஜெனரல் டேவிட் ஹன்டர் மேலிட அனுமதி இல்லாமலே அவர்களைக் கொண்டு ஒரு படையைத் திரட்டினார். திரட்டிய முறை மோசம். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் துப்பாக்கி முனையில் இழுத்துவந்தார்கள்; சில மாதங்கள் வைத்திருந்து, காசு ஒன்றும் கொடுக்காமல், ஒரே ஒரு கம்பெனியைத் தவிர மற்றவர்களைக் கலைத்து அனுப்பினார்கள். ஆகஸ்ட் 25ஆம் தேதி போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன், ஜெனரல் ரூஃபஸ் சாக்ஸ்டனுக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுத்தார்: ஐயாயிரம் பேர்வரை சேர்க்கலாம், மற்ற தன்னார்வப் படையினருக்கு உள்ள சம்பளமே இவர்களுக்கும் உண்டு. அப்போது ஹிக்கின்சன் மாசசூசெட்ஸ் 51ஆம் படைப்பிரிவில் கேப்டன். சாக்ஸ்டனின் அழைப்பு வந்ததும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு ஹன்டர் கூத்தாக இருந்தால் அதில் சிக்கக் கூடாது என்று, விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார். பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டார்.

அன்றைய அமெரிக்காவில் நிரந்தர ராணுவம் சிறியது. போரை நடத்தியது தன்னார்வப் படைகள்தான். வக்கீல்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஆளுநரின் நியமன உத்தரவோடு அதிகாரிகளானார்கள். வெஸ்ட் பாயின்ட் பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் இவர்களை மதிக்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது, பலர் தங்கள் அறியாமைக்கு வீரர்களின் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். ஹிக்கின்சனின் விஷயத்தில் இந்தப் பயிற்சியின்மையே பயன்பட்டது. அதிகாரியின் பழக்கம் கையில் இல்லாததால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. உதாரணமாக, கறுப்பினக் கார்ப்பொரல் ஒருவர் உத்தரவிட்டபோது, தன்னைப்போல் இருந்தவன் வெள்ளைக்காரன் மாதிரி அதிகாரம் பண்ணுவதா என்று வீரர்கள் சிலர் முரண்டு பிடித்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கீழ்ப்படிதல் என்றால் வெள்ளை எஜமானுக்குக் கீழ்ப்படிதல் என்றே அறிந்திருந்தவர்களிடம் வரக்கூடிய கேள்விதான் அது. தண்டனை கொடுத்து வாயை அடைப்பது எளிது. அவர் செய்தது வேறு. கார்ப்பொரலுக்கு வீரர் கீழ்ப்படிவது போலவே கேப்டன் கர்னலுக்கும் கர்னல் ஜெனரலுக்கும் கீழ்ப்படிகிறார்கள், இது தோலின் நிறத்தைப் பொறுத்ததல்ல, பதவியைப் பொறுத்தது என்று திரும்பத் திரும்ப விளக்கினார். இழிவான தண்டனைகளையும் வசைச்சொற்களையும் தன் அதிகாரிகள் பயன்படுத்தக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். சவுக்கடியில் வளர்ந்தவர்களைச் சவுக்கால்தான் அடக்க முடியும் என்று நினைத்த காலத்தில், சவுக்கை நினைவூட்டும் எதுவும் அவர்களைப் படைவீரர்களாக ஆக்காது என்பதைப் புரிந்துகொண்டிருந்தார். வீரர்கள் பேசியதிலிருந்து அவருக்குக் கிடைத்த அறிவு அது; எந்தக் கையேட்டிலும் அவர் அதைப் படித்திருக்க முடியாது.

1863 ஜனவரி 1ஆம் தேதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. முகாமின் பெரிய ஓக் மரங்களுக்கடியில் கூட்டம். பிரகடனத்தை வாசித்தார்கள், படைப்பிரிவுக்குக் கொடி வழங்கினார்கள். ஹிக்கின்சன் கொடியை வாங்கி விரித்த நொடியில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. மேடைக்கருகே நின்றிருந்த வயதான கறுப்பினத்தவர் ஒருவர், உடைந்த குரலில், நாட்டைப் போற்றும் பாடலொன்றைத் தானாகப் பாடத் தொடங்கினார். இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு சுற்றியிருந்த எல்லோரும். மேடையிலிருந்த வெள்ளையர் சிலரும் சேர்ந்து பாட ஆரம்பித்தபோது ஹிக்கின்சன் கையசைத்து அவர்களை நிறுத்தினார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது. சேர்ந்து பாடியவர்கள் கெட்ட எண்ணத்தோடு பாடவில்லை. ஆனால் அந்த நாட்டைத் தங்கள் நாடு என்று முதன்முதலாகச் சொல்லும் உரிமை பெற்றவர்களின் குரலை, பிறவியிலேயே அந்த உரிமை பெற்றவர்களின் குரல் மூடிவிடும் என்பது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. தொழிலால் மேடைப் பேச்சாளர் அவர். எந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்பதும் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

இரவுகளில் வீரர்கள் பனையோலை வேய்ந்த சிறு பந்தலுக்குள், நெருப்பைச் சுற்றி நின்று, காலால் தாளம் போட்டு, கைதட்டிப் பாடுவார்கள். கர்னல் இருட்டில் சத்தமில்லாமல் பக்கத்தில் போய் நிற்பார். வெளிச்சம் இருக்காது, எழுதுவது தெரிந்தால் பாட்டு நின்றுவிடும். கோட்டுப் பைக்குள் கையைவிட்டு, பைக்குள்ளேயே பென்சிலால் வரிகளைக் கிறுக்கிக்கொள்வார். கூடாரத்துக்குத் திரும்பி விளக்கடியில் அதைச் சரியாக எழுதுவார். புரியாத சொல் இருந்தால் மறுநாள் அவர்களில் ஒருவரிடம் கேட்டுத் தெளிவார். இப்படிச் சேர்த்த முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை 1867இல் அட்லாண்டிக் மன்த்லியில் வெளியிட்டார். கறுப்பின ஆன்மிகப் பாடல்களைப் பற்றிய முதல் தீவிரமான கட்டுரைகளில் அது ஒன்று. பாடலின் சொல்லைத் திருத்தக் கூடாது, கேட்டது கேட்டபடி இருக்க வேண்டும் என்ற கவனம் அதில் இருக்கிறது. அதே மனிதர் 23 ஆண்டுகளுக்குப் பிறகு எமிலியின் சொல்லைத் திருத்த ஒப்புக்கொண்டார் என்பது வேதனையான விஷயம். ஆனால் 1870 ஆகஸ்டில் எமிலியை ஆம்ஹெர்ஸ்டில் சந்தித்துவிட்டு வந்த கையோடு, அவர் பேசியதையெல்லாம் மனைவிக்குக் கடிதமாக எழுதிவைத்ததும் இவரே. எமிலியின் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்று அந்தக் கடிதம். பாட்டைக் கேட்ட அதே காதுதான் அதையும் கேட்டது. கவிதையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது இன்று யாருக்கும் தேவையில்லை; அவர் கேட்டு எழுதியது எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

போர் நடவடிக்கைகளில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். 1863 ஜனவரி இறுதியில் படைப்பிரிவு மூன்று கப்பல்களில் செயின்ட் மேரீஸ் ஆற்றில் மேலேறியது. வழிகாட்டி கார்ப்பொரல் ராபர்ட் சட்டன். அந்த ஆற்றங்கரையிலிருந்த ஆல்பர்ட்டி குடும்பத்தின் மரமில்லில் அடிமையாக இருந்து தப்பியவர். அந்தப் பயணம் முழுவதையும் உண்மையில் நடத்தியவர் சட்டன்தான் என்று ஹிக்கின்சன் பின்னால் எழுதினார். மில்லை அடைந்ததும் வீட்டுக்காரப் பெண்மணியிடம் கார்ப்பொரலை முறைப்படி அறிமுகப்படுத்தினார். இவரை நாங்கள் பாப் என்று கூப்பிடுவோம் என்பதுதான் அந்த அம்மையார் சொன்ன பதில். பிறகு சட்டன் கர்னலை அழைத்துப் போய் மக்காச்சோளக் களஞ்சியம் என்று பெயர் சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தைக் காட்டினார். உள்ளே தானியம் இல்லை. தரையில் பதித்த பெரிய வளையத்தில் கோத்த சங்கிலி, மூன்று தொழுமரங்கள். அவற்றில் இரண்டில் பெரிய துளைகளோடு சிறிய துளைகளும் இருந்தன: பெண்களின் காலுக்கும் குழந்தைகளின் காலுக்கும். ஹிக்கின்சன் அந்தத் துளைகளின் அளவைக்கூட விடாமல் குறித்துக்கொண்டார். சங்கிலியையும் தொழுமரங்களையும் கப்பலில் ஏற்றிச் சான்றாகக் கொண்டுவந்தார். கண்டனத்துக்கு அவர் அங்கே அதிக இடம் தரவில்லை. சிறிய துளை என்று எழுதியபின் கண்டனம் எதற்கு?

இதற்கு ஒரு மறுப்பு வரும். இவையெல்லாம் ஆற்றோரச் சில்லறைச் சண்டைகள். கெட்டிஸ்பர்க்கிலும் விக்ஸ்பர்க்கிலும் பல்லாயிரம் பேர் மடிந்த போரில் இந்தக் கர்னலுக்கு என்ன இடம் என்று ராணுவ வரலாற்றாளர் கேட்கலாம். உயிர்ச்சேதக் கணக்கில் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் 1863இன் முதல் மாதங்களில் வாஷிங்டன் அறிய விரும்பியது ஒன்றே: முன்னாள் அடிமைகள் துப்பாக்கிச் சூட்டின்முன் நிற்பார்களா? பிப்ரவரி முதல் தேதி ஹிக்கின்சன் அனுப்பிய அறிக்கை, இந்தப் போரை வெல்லும் வழி கறுப்பினப் படைகளை வரம்பின்றிப் பயன்படுத்துவதே என்று திட்டவட்டமாகச் சொன்னது. நாளிதழ்கள் அதை வெளியிட்டன. மார்ச்சில் அவருடைய படை புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரைப் பிடித்தது. ஏப்ரல் 1ஆம் தேதி லிங்கன் ஜெனரல் ஹன்டருக்கு எழுதிய கடிதத்தில் ஜாக்சன்வில் செய்தி தனக்கு மகிழ்ச்சி தந்ததைக் குறிப்பிடுகிறார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் படையில் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கதவைத் திறந்த கைகளில் செயின்ட் மேரீஸ் ஆற்றில் சுட்ட கைகளும் உண்டு. பிடிபட்டால் அந்த வீரர்களுக்கு மறுபடி அடிமைத்தனம் அல்லது மரணம். அவர்களை நடத்திய வெள்ளை அதிகாரிகளுக்குக் கலகம் தூண்டியோர் என்ற பெயரில் மரணதண்டனை என்று தெற்கின் அரசு அறிவித்திருந்தது. அடுத்த ஜூலையில் மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவும் அதன் இளம் கர்னல் ராபர்ட் கோல்ட் ஷாவும் வாக்னர் கோட்டையில் காட்டிய வீரம் உலகப் புகழ் பெற்றது. அது தகுதியான புகழ். ஆனால் 54ஆம் படையில் பெரும்பாலோர் வடக்கின் சுதந்திர மனிதர்கள். நேற்றுவரை விலங்கில் இருந்தவர்கள் நிற்பார்களா என்ற கடினமான கேள்விக்கு அவர்களுக்கு முன்பே விடை சொன்னது தென் கரோலினா முதலாம் படைதான்.

என் பார்வையில் ஹிக்கின்சனின் மிகப் பெரிய போர், எதிரியோடு நடந்ததல்ல. ஸ்டான்டனின் உத்தரவு சமசம்பளத்துக்கு எழுத்தில் உறுதி தந்திருந்தது. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். 1863 ஜூனில் போர்த்துறை சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, 1862 ஜூலையில் இயற்றிய மிலிஷியா சட்டப்படி கறுப்பினத்தவருக்கு 10 டாலர்தான், அதிலும் 3 டாலர் துணிக்குப் பிடித்தம் என்று முடிவு செய்தது. கைக்கு வருவது 7 டாலர். 54ஆம் படை அதைத் தொடவே மறுத்தது. ஹன்டரிடம் ஏமாந்த நினைவு ஆறாத கடலோர மனிதர்களுக்கு இது இரண்டாவது ஏமாற்று. அதே பகுதியில் இருந்த தென் கரோலினா மூன்றாம் படைப்பிரிவில் சார்ஜன்ட் வில்லியம் வாக்கர் தன் கம்பெனியை மேலதிகாரியின் கூடாரத்துக்குமுன் நிறுத்தி, ஒப்பந்தத்தை மீறிய அரசுக்கு இனி வேலை செய்ய மாட்டோம் என்று துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் செய்தார். 1864 பிப்ரவரியில் அவரைக் கலகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொன்றார்கள். ஒப்பந்தத்தை மீறியவர்களுக்குத் தண்டனை இல்லை, சுட்டிக்காட்டியவருக்கு உண்டு.

ஹிக்கின்சன் 1864 முழுக்க நியூயார்க் நாளிதழ்களுக்கு எழுதினார். தன் மனிதர்கள் கேட்பது சலுகையல்ல, போர்த்துறைச் செயலரே கையெழுத்திட்ட வாக்குறுதி என்பதுதான் ஒவ்வொரு கடிதத்திலும் வாதம். அந்த ஜூனில் நாடாளுமன்றம் பாதி நீதி செய்தது. 1864 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் சமசம்பளம். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டு முழு நிலுவையும் பெற வேண்டுமானால் 1861 ஏப்ரல் 19 அன்று வீரர் சுதந்திர மனிதராக இருந்திருக்க வேண்டும். அந்த நாளில் ஹிக்கின்சனின் வீரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அடிமைகள். எந்த அநீதியை ஒழிக்க அவர்கள் துப்பாக்கி தூக்கினார்களோ, அந்த அநீதியையே காரணம் காட்டிச் சம்பளத்தைப் பிடித்தது சட்டம். அப்போது ஹிக்கின்சன் முகாமில் இல்லை. 1863 ஜூலையில் எடிஸ்டோ ஆற்றுச் சண்டையில் பட்ட காயமும் அதன்பின் வந்த காய்ச்சலும் உடம்பை உருக்கிவிட்டன. 1864 மே மாதம் முகாமைவிட்டுப் போனவர் அக்டோபரில் பதவி விலகினார். விலகிய பிறகும் எழுதினார், மனு அனுப்பினார். 1865 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம், வாக்குறுதி பெற்றுச் சேர்ந்த படைப்பிரிவுகளுக்கு முழு நிலுவையையும் தந்தது. இந்தக் கடிதங்களைத் தன் நூலின் பின்னிணைப்பில் அவர் அப்படியே சேர்த்திருக்கிறார். போர்க்கள நினைவுகளை எழுதிய அதிகாரிகள் எத்தனையோ பேர். சம்பளக் கணக்கைப் பின்னிணைப்பாகச் சேர்த்தவர் அரிது. குண்டுக்கு முன் நிற்க மாதத்தில் சில மணி நேரத் துணிச்சல் போதும். தன் அரசின் அற்பத்தனத்தைத் தன் பெயரோடு, ஓர் ஆண்டு முழுக்க அச்சில் சொல்லிக்கொண்டிருக்க வேறு வகைத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. 1870இல் வந்த ‘ஒரு கறுப்பினப் படைப்பிரிவில் ராணுவ வாழ்க்கை’ என்ற அவருடைய நூலைத் திறந்தால், வீரர்களைக் குழந்தைகள் என்கிறார், பணிவானவர்கள், பக்தியுள்ளவர்கள், விளையாட்டுத்தனமானவர்கள் என்கிறார். அடிமைமுறையை எதிர்த்த வெள்ளையர் பலரிடம் இருந்த பெரியமனிதத் தோரணை இவரிடமும் இருக்கிறது. இதை மறைப்பதற்கில்லை, காலத்தின் குறை என்று தட்டிக் கழிப்பதும் சரியல்ல, ஏனென்றால் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் அதே காலத்தில்தான் அதே நாட்டில் பேசிக்கொண்டிருந்தார். என் பதில் இது: அந்த அடைமொழிகளைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் படியுங்கள். பணிவானவர்கள் என்று எழுதிய கையே, சட்டன் அடிமைமுறைச் சிக்கலை எந்த அடிமைமுறை எதிர்ப்பாளரையும்விட ஆழமாகப் புரிந்துவைத்திருந்தார் என்று எழுதுகிறது. குழந்தைகள் என்று எழுதிய கையே, சார்ஜன்ட் பிரின்ஸ் ரிவர்ஸ் ஒரு பெரும்படையை நடத்தக்கூடியவர் என்று எழுதுகிறது. நாளுக்கு நாள் எழுதிய குறிப்புகள் முன்முடிவை உடைத்துக்கொண்டே போகின்றன. உடைவது அவருக்கே எப்போதும் தெரிந்ததென்று சொல்ல முடியாது. ஆயுதம் ஏந்தாதவரை இவர்களுடைய விடுதலைக்கு உத்தரவாதம் இருக்கவில்லை, இவர்கள் ஆயுதத்தோடு நின்ற விதம்தான் நாட்டை வெட்கப்படுத்தி இவர்களை மனிதர்களாக ஏற்க வைத்தது என்ற நூலின் முடிவு, குழந்தைகளைப் பற்றி எழுதக்கூடிய முடிவல்ல.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை, அதை ஏற்கிறேன். 1877இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் தெற்கிலிருந்து கூட்டரசின் படைகளை விலக்கிக்கொண்டார். அதை ஆதரித்தவர்களில் ஹிக்கின்சனும் ஒருவர். 1878இல் பழைய போர்க்களங்களைப் பார்த்துவிட்டு வந்து அட்லாண்டிக் மன்த்லியில் எழுதிய கட்டுரையில், தன் பழைய வீரர்கள் நிலம் வாங்கியிருக்கிறார்கள், வாழ்கிறார்கள் என்று நிம்மதிப்படுகிறார். கண்டது பொய்யல்ல. சில நாள் விருந்தாளியாகப் போனவருக்கு அவ்வளவுதான் காணக் கிடைக்கும். இந்தமுறை அவர் யாருடைய நெருப்பருகிலும் இருட்டில் நின்று கேட்கவில்லை. பிரின்ஸ் ரிவர்ஸின் கதையைக் கேட்டிருந்தாலே போதும். போருக்குமுன் எஜமானின் வண்டியோட்டி. போருக்குப்பின் 1868 அரசியல் சாசன அவையின் உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், ஹாம்பர்க் ஊரின் நீதிபதி. 1876 ஜூலையில் அந்த ஊரில் வெள்ளையர் ஆயுதக் குழுக்கள் கறுப்பின மிலிஷியாவைச் சூழ்ந்து, சரணடைந்தவர்களைத் தேர்ந்தெடுத்துச் சுட்டுக் கொன்றன. போருக்குப்பின் தெற்கில் வந்த புனரமைப்பு ஆட்சி கவிழ்ந்தபின் ரிவர்ஸ் மறுபடி வண்டியோட்டிப் பிழைத்தார். ஹிக்கின்சன் கொடியை ஒப்படைத்த கைகள் அவை. தன்னார்வமாக வந்த அதிகாரி தன்னார்வமாகவே விலகிக்கொள்ள முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் பெண்கள் வாக்குரிமைக்கு உழைக்கவும், தத்துவஞானி எபிக்டெடஸை மொழிபெயர்க்கவும் முடிந்தது. அவையும் நல்ல வேலைகளே. ரிவர்ஸுக்கும் சட்டனுக்கும் விலகிப்போக இன்னொரு நாடு இல்லை. 1870 நூலில் ஆயுதம் இல்லாமல் விடுதலைக்கு உத்தரவாதம் இருக்கவில்லை என்று எழுதியவர், 1878இல் தன் நூலையே மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே ஹிக்கின்சனைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும், நீதிபதியாக அல்ல. அவர் எழுதிவைத்த சாட்சியம் அவருடைய பிற்காலத் தீர்ப்பையும் சேர்த்தே கண்டிக்கிறது. அந்த நேர்மை அதற்கு உண்டு. அவருடைய நூலுக்கு ஒரு துணை நூலும் உண்டு. படைப்பிரிவில் துணி வெளுத்து, காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்து, இரவில் வீரர்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்த சூசி கிங் டெய்லர், 1902இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். முன்னுரை எழுதிக்கொடுத்தவர் ஹிக்கின்சன். கர்னலைப் பற்றி அன்பும் மரியாதையும் நிறைந்த நூல் அது. கடைசிப் பகுதியில் மட்டும் குரல் மாறுகிறது. தெற்கில் கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்வதைச் சொல்கிறார். சாகக் கிடந்த மகனை அழைத்துவரப் போனபோது ரயிலில் அவனுக்குப் படுக்கை இடம் மறுக்கப்பட்டதைச் சொல்கிறார். இதற்காகவா போரிட்டோம் என்று கேட்கிறார். 1878இல் கர்னலின் காதில் விழாதது இங்கே எழுத்தில் இருக்கிறது. ஹிக்கின்சனை எமிலியின் கடித உறையில் இருக்கும் பெயராக மட்டும் அறிந்தவர்கள் அவருடைய நூலைப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் டெய்லரின் நூலையும் கையில் எடுக்க வேண்டும். அந்தப் படைப்பிரிவில் நான்கு ஆண்டுகளுக்குமேல் வேலை செய்த அவருக்கு, 1865 மார்ச் 3ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகும், ஒரு டாலர்கூடச் சம்பளம் கிடைக்கவில்லை.